காய்ச்சல் இல்லாத தெரு

பனங்கரைத் தெருவில் ஐந்து வருடமாக ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். கொள்ளிடக் கரையை ஒட்டின தாழ்வான இடம். ஐப்பசி மழைக்குச் சுவரில் ஏறிய ஈரம் தை மாதம் வரை இறங்காது. பெண்கள் விடியுமுன்னே எழுந்து ஸ்ரீரங்கத்து வீதிகளைக் கூட்டப் போகிறவர்கள். ஆண்களில் பாதிப்பேர் சாக்கடை அள்ளுகிறவர்கள், மீதிப்பேர் துவாக்குடிப் பட்டறைகளுக்குப் பஸ் ஏறுகிறவர்கள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்மல் வரும், அவ்வளவு நெருக்கம். இருந்தும் காய்ச்சல் இல்லை. சுகாதார நர்ஸ் டோரதியின் பதிவேடு அப்படித்தான் சொன்னது. வாராவாரம், அவள் கையெழுத்தில், ஒரே மாதிரி உருண்டையான பூஜ்யம்.

மார்கழி பிறக்க ஒரு நாள் இருந்தது. சுகாதார நிலையத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் ஜெஸ்வின் அந்தப் பூஜ்யத்தை வாய்விட்டுப் படித்தபோதுதான் டோரதிக்கு அது முதல்தடவையாகக் காதில் விழுந்தது போலிருந்தது.

"ஃப்ளூ ஊசி இருநூத்தி நாப்பது வந்திருக்கு. அவ்வளவுதான் வரும். வைகுண்ட ஏகாதசிக்கு இன்னும் பதினஞ்சு நாள். ஊசி வேலை செய்யவே ரெண்டு வாரம் ஆகும், அதனால இன்னிக்கு நாளைக்குள்ள போட்டாகணும்" என்றார் அவர். முப்பது வயது. நல்ல பையன் என்று டோரதி மனதுக்குள் நினைத்துக்கொள்வாள், வாயால் டாக்டர் என்பாள். "கர்ப்பிணிங்க, வயசானவங்க, சர்க்கரை, ஆஸ்துமா. எல்லாருக்கும் பத்தாது. எந்தத் தெருவுல இந்த ஒரு மாசத்துல காய்ச்சல் எவ்வளவோ, அந்தக் கணக்குப்படி பங்கு. சமநீதிப் பங்கீடுன்னு ஆர்டர்லயே போட்டிருக்கான்."

காவிரிக்கரை அடுக்குமாடி வீடுகளுக்கு நாற்பத்தொரு காய்ச்சல். அங்கே ஒருவர் தும்மினால் வாட்ஸப் குழுவில் செய்தி வரும். மத்தியானத்துக்குள் அது காய்ச்சலாகிப் பதிவேட்டில் உட்கார்ந்துவிடும். அடுத்து, வடக்கே ஒரு காலனிக்கு இருபத்தெட்டு. ஜெஸ்வின் படித்துக்கொண்டே வந்தார்.

"பனங்கரைத் தெரு, பூஜ்யம். அதனால ஊசியும் பூஜ்யம்."

"நல்ல காத்து போல இருக்கே உங்க தெருவுல" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெலிண்டா சிஸ்டர். "ரிடையர் ஆனா அங்கதான் வீடு பார்க்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். டோரதியும் சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் உதடு பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் பிடித்தது.

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டால்தான் பதில் இல்லை. வீட்டில் ஒரு மூலையில் ஏதோ செத்துக் கிடக்கிற நாற்றம் வந்தால் ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வேறு அறைக்குப் போகிற மாதிரி, அவள் ஐந்து வருடமும் அந்தத் தெருவுக்குப் போய் வந்திருந்தாள். பாலக்கரை மாதா கோயிலில் மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்கிறவள். கோபத்தைச் சொல்லியிருக்கிறாள், பொறாமையைச் சொல்லியிருக்கிறாள். இந்தப் பூஜ்யத்தை ஒருநாளும் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்ல.

"டாக்டர், கணக்கைத் திருத்தலாமா?"

"மூணு மணி வரைக்கும் ஆப் திறந்திருக்கும் சிஸ்டர். ஆனா சும்மா நம்பர் போட முடியாது. பேரு, போன் நம்பர், அவங்க போனுக்கு வர்ற ஓ.டி.பி. அவங்களே சொல்லணும்."

அவள் ஸ்கூட்டியை எடுத்தபோது மணி பதினொன்று.

*

அந்தத் தெருவைப் பற்றி அவள் ஒன்றைக் கவனித்ததுண்டு, யோசித்ததில்லை. அவள் உள்ளே நுழைந்ததும் முதல் வீட்டில் டிவி சத்தம் கூடும். அவள் நடக்க நடக்க அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. பாட்டு, சீரியல் அழுகை, விளம்பரம் எல்லாம் அவளோடு கூடவே தெரு நீளத்துக்கும் வரும். தாண்டிப்போன வீடுகளில் ஒவ்வொன்றாக அடங்கும். சத்தமாக டிவி பார்க்கிற ஜனங்கள் என்று நினைத்திருந்தாள். வாசலில் நிற்கிற பெண்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "காய்ச்சல் இல்ல நர்சம்மா." அவள் பூஜ்யம் போடுவாள். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்புவாள். இரண்டு தரப்புக்கும் சௌகரியமாக இருந்தது.

இன்றைக்கும் முதல் வீட்டில் சத்தம் கூடியது. அவள் நடந்தாள். தெருவின் நடுவில், குழாயடிக்குப் பக்கத்தில், இன்றைக்கு மட்டும் நின்றாள். முன்னாலும் பின்னாலும் டிவிகள் அலறிக்கொண்டிருந்தன. அவள் நகராததால் எந்த வீடும் சத்தத்தைக் குறைக்கவில்லை. ஜன்னல் திரைகளில் விரல் அளவுக்கு இடைவெளி விழுந்து மூடியது.

அப்போது கரண்ட் போனது.

ஒரு நொடி ஒன்றுமே கேட்கவில்லை. கொள்ளிடத்துப் பக்கம் ஒரு காகம். பிறகு இடதுபுறம் ஒரு வீட்டில் யாரோ இருமினார்கள், துணியை வாயில் அழுத்திக்கொண்டு இருமுகிற இருமல். அதற்கடுத்த வீட்டில் ஒரு குழந்தை அடக்கிப் பார்த்து முடியாமல் இருமியது. யாரோ அதன் வாயைப் பொத்துகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. வலதுபுறம் நான்கைந்து வீடுகள் சேர்ந்தாற்போல. பின்னால். தெருக்கோடியில். சளி கட்டிய இருமல், வறட்டு இருமல், மூச்சு இழுக்கிற இருமல். தெரு முழுக்க அது ஒரே உடம்புக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

இத்தனையும் இங்கேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் அவள் இதன் நடுவில்தான் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போயிருக்கிறாள்.

*

வெள்ளையம்மாள் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு உறுதியான உடம்பு, தலையில் துண்டு, கூட்டிவிட்டு வந்த புழுதி இன்னும் புறங்கையில். அவள் வாசலை மறைத்தாற்போல் நின்றாள். அந்தத் தெருவில் எதற்கும் முதல் வார்த்தை அவளுடையதுதான்.

"காய்ச்சல் இல்ல. எழுதிக்கங்க."

"கேட்டுச்சுக்கா" என்றாள் டோரதி.

"என்ன கேட்டுச்சு?"

"கரண்ட் போனதும் கேட்டுச்சு."

வெள்ளையம்மாள் முகத்தில் எதுவும் அசையவில்லை. "பனி விழுது. பனிக்கு நாலு பேரு இருமத்தான் செய்வாங்க. ஒங்க வீட்ல யாரும் இருமறதில்லயா?"

"ஊசி வந்திருக்குக்கா. இந்தத் தெருவுல காய்ச்சலே இல்லன்னு ஒரு ஊசிகூடக் குடுக்கல. காவேரிக்கரை பிளாட்டுக்கு எல்லாம் போகுது. பேரு குடுத்தீங்கன்னா..."

"பேரு." வெள்ளையம்மாள் அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். "ஒரு தடவ குடுத்தோமே நர்சம்மா. வீரமலைன்னு. அழகா எழுதிக்கிட்டீங்களே."

டோரதி அதற்காகத்தான் காத்திருந்தாள். ஐந்து வருடமாகக் காத்திருந்தாள் என்று இப்போது தெரிந்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், இதே வாசலில், வெள்ளையம்மாளின் புருஷன் வீரமலைக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்று அவள்தான் எழுதினாள். "ரெண்டு நாள்ல வந்துடுவாருக்கா" என்று சொன்னதும் அவள்தான். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் யாரோ வந்து தெருவின் வாயை ஆள் உயரத் தகரம் வைத்து அடைத்தார்கள். பதினான்கு நாள். தண்ணீர்க் குடத்தைத் தகரத்துக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். வீரமலையைக் கொண்டுபோன வண்டியின் கூரை மட்டும்தான் வெள்ளையம்மாளுக்குத் தெரிந்தது. ஆறாம் நாள் போனில் தகவல் வந்தது. முகத்தை யாரும் காட்டவில்லை. அந்தப் பதினான்கு நாளும் டோரதி இந்தப் பக்கம் வரவில்லை. அவளுக்கு வேறு பத்துத் தெருக்கள் இருந்தன. அப்படித்தான் அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டாள்.

"அது வேற காலம்க்கா."

"தகரம் அதேதான். கார்ப்பரேஷன் ஆபீஸ் பின்னாடி அடுக்கி வச்சிருக்காங்க, தெனம் பாத்துட்டுத்தான் வரேன். எங்கூட்டம் எவனுக்கும் இனிமே காய்ச்சல் வராது. வந்தா மணப்பாறைல மச்சான் வீட்டு விலாசம், துறையூர்ல தங்கச்சி வீட்டு விலாசம். டாக்டர் சீட்டுல அதத்தான் சொல்லுவோம். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

இந்தத் தெருவின் காய்ச்சல்கள் எங்கேயும் தொலையவில்லை. மணப்பாறையிலும் துறையூரிலும் யார் யார் கணக்கிலோ ஏறி, அந்த ஊர்களுக்கு மாத்திரையாகவும் ஊசியாகவும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

உள்ளே எதுவோ விழுந்தது, பாத்திரமாக இருக்கலாம். தொடர்ந்து ஒரு மூச்சு, முடிவே இல்லாமல் உள்ளே இழுக்கிற மூச்சு. வெள்ளையம்மாளின் கண் ஒரு தரம் பின்னால் போய்த் திரும்பியது.

"உங்க மருமக மணிமேகலை துறையூருக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னீங்களே" என்றாள் டோரதி மெதுவாக.

டோரதி அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். இந்த வீட்டின் நிலையைத் தாண்டுவது அவளுக்கு அதுவே முதல்தடவை.

மருமகள் பின்கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாதம். வாயில் சுருட்டிய துண்டு. அவளாகவே வைத்துக்கொண்டதா, வேறு யாராவது வைத்ததா என்று தெரியவில்லை. கண்கள் மட்டும் டோரதியைப் பார்த்தன. துண்டை எடுத்ததும் இருமல் வெடித்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. டோரதி பையிலிருந்து ஆக்சிஜன் அளக்கிற சின்னக் கருவியை எடுத்து அவள் விரலில் மாட்டினாள். எண் தடுமாறி நின்றது. தொண்ணூற்றொன்று.

"எத்தனை நாளா?"

"மூணு" என்றாள் மணிமேகலை. அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு இரண்டு மூச்சு ஆனது.

"இது தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போகக்கூடாதுக்கா" என்றாள் டோரதி. "இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். புள்ளைக்கும் சேத்து மூச்சு விடணும் இவ. சாயங்காலம்னு தள்ளினா நான் பொறுப்பில்ல, நீங்களும் பொறுப்பெடுக்க முடியாது."

நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த மகன் சுரேஷ்குமார் சத்தம் கேட்டு எழுந்து வந்தான். மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அம்மாவின் அனுமதிக்காக நிற்கிறான் என்று டோரதிக்குப் புரிந்தது.

"ஆட்டோ கூட்டிட்டு வாடா, நிக்கிற?" என்றாள் வெள்ளையம்மாள். அவன் ஓடினான். அவள் டோரதியின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "போகட்டும். துறையூர் விலாசம் குடுத்துக்கறோம். நீங்க வாயத் தொறக்காதீங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

இது எளிதான வழி. வைத்தியம் கிடைத்துவிடும். தெரு பழையபடி இருக்கும், டோரதியும் பழையபடி இருக்கலாம். மூன்று மணிக்கு ஆப் மூடிக்கொள்ளும். வாசல் வழியாகத் தெரிந்த எதிர்வீட்டில் திரைக்குப் பின்னால் யாரோ இருமலை விழுங்கினார்கள். இந்தத் தெருவில் இன்னும் மூன்று கர்ப்பிணிகள் அவள் பதிவேட்டில் இருந்தார்கள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர்கள் பத்தொன்பது பேர்.

"இவ பொழச்சுக்குவா" என்றாள். "அடுத்தது யாருன்னு சொல்லுங்கக்கா. நீங்களே பேரு சொல்லுங்க. எந்த வீட்டுக்குப் போகும்னு."

"சாபம் விடறீங்களா?"

"இல்ல. பயமா இருக்கு எனக்கு."

அதைச் சொல்வோம் என்று டோரதியே எதிர்பார்க்கவில்லை. வெள்ளையம்மாளும் எதிர்பார்க்கவில்லை. யூனிபாரம் போட்ட ஒருத்தி தன் முன்னால் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"தகரம் வராதுன்னு எழுதித் தருவீங்களா?"

டோரதி யோசித்தாள். போன தடவை யோசிக்காமல் சொன்னாள். "தர முடியாது. அது என் கையில இல்ல."

"அப்பறம் எந்த தைரியத்துல கேக்கறீங்க?"

"அத்தை." மணிமேகலை சுவரைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டினாள். "போனக் குடுங்க. நான் சொல்றேன்."

"நீ சும்மா இரு."

"என் பேருதான... என் காய்ச்சல்தான."

வெள்ளையம்மாள் அசையவில்லை. அந்தப் பெண்ணின் கையும் இறங்கவில்லை. கடைசியில் போன் வெள்ளையம்மாளின் மடியிலிருந்து வந்தது. டோரதி ஆப்பில் அவள் பெயரை எழுதினாள். தெருவை எழுதினாள். சிறிய ஒலியோடு செய்தி வந்து விழுந்தது. மணிமேகலை திரையை முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.

"ஏழு." மூச்சு. "ரெண்டு." மூச்சு. "ரெண்டு." இருமல். டோரதி காத்திருந்தாள். அவள் விரல் கண்ணாடியின் மேல் நின்றது. "ஒம்பது." நீண்ட மூச்சு. "நாலு." வெள்ளையம்மாள் மருமகளின் முதுகைத் தேய்த்துவிடத் தொடங்கியிருந்தாள். "அஞ்சு."

பனங்கரைத் தெருவில் ஐந்து வருடத்தின் முதல் காய்ச்சல் பச்சை நிறத்தில் ஏறியது.

*

மணிமேகலையையும் சுரேஷ்குமாரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ போன பிறகு டோரதி ஜெஸ்வினுக்குப் போன் செய்தாள். அவர் குரல் பக்கத்தில் நின்ற வெள்ளையம்மாளுக்கும் கேட்டது.

"ஒண்ணு ஏறியிருக்கு சிஸ்டர், பார்த்தேன். கணக்குப்படி ஒரு காய்ச்சலுக்கு ஒண்ணரை ஊசி வரும். ரெண்டா வேணா போட்டுத் தரேன்."

டோரதி போனை அணைத்தாள். அழுகை வருமோ என்று பயந்தாள். வந்தது சிரிப்பு மாதிரி ஒன்று.

"நூத்திப் பன்னெண்டு வீட்டுக்கு ரெண்டா?" என்றாள் வெள்ளையம்மாள்.

"ரெண்டு."

வெள்ளையம்மாள் குழாயடியில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கையிலிருந்த புழுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலைத்துண்டை அவிழ்த்தாள். "இங்க வாங்க" என்று டோரதியின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள்.

அடுப்புக் கல் மாதிரி இருந்தது.

"நாலு நாளாச்சு. சப்பரம் வர்ற வீதி, ராஜகோபுரம் வாசல், அம்மா மண்டபம் ரோடு எல்லாம் நாங்கதான் கூட்றோம். எங்க கூட்டத்துல பதினோரு பேருக்கு இருக்கு. யாரும் லீவு எடுக்கல. எடுத்தா மேஸ்திரி ஏன்னு கேப்பான்." அவள் ஒரு தரம் இருமினாள், அடக்காமல், தெரு கேட்கும்படி. "எழுதுங்க. வெள்ளையம்மா, க/பெ. வீரமலை."

அந்த இருமலுக்குத்தானோ என்னவோ, இரண்டு கதவுகள் திறந்தன. வெள்ளையம்மாள் எழுந்து தெருவில் நடந்தாள். கதவைத் தட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வராதவர்களைத் திட்டினாள். "ஏண்டி மயிலம்மா, உள்ளாற செத்துக் கெடந்தா மட்டும் கௌரவமா?" சிலர் வந்தார்கள். சிலர் ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, டோரதியின் பேனாவைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டாள். மூன்று மணிக்கு இருபத்தாறு பேர் ஏறியிருந்தார்கள். ஆப் மூடிக்கொண்டது.

உடனே போன் அடித்தது.

"சிஸ்டர், என்ன இது?" ஜெஸ்வின் குரல் மாறியிருந்தது. "நாலு மணி நேரத்துல ஒரே தெருவுல இருபத்தாறு. மேல சிவப்பா காட்டுது. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சு. ஏகாதசி நேரம் வேற. நீங்க அங்கயே இருங்க. நாங்க வரோம்."

"ஊசியோடயா டாக்டர்?"

"ஊசியோடதான்." கொஞ்சம் தயங்கினார். "எல்லாரும் வராங்க."

அவள் இருந்தாள். போன தடவை எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் போனவள், இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டு வாங்கித் தெருவின் வாயில் போட்டு உட்கார்ந்தாள். தான் செய்தது உதவியா, அதே தவறை இரண்டாம் முறை செய்திருக்கிறோமா என்று தன்னையே கேட்டாள். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம் என்று தோன்றியபோது அதை யோசிப்பதை நிறுத்தினாள்.

நாலரைக்கு ஜீப் வந்தது. ஜெஸ்வின் நீல நிறக் குளிர்ப்பெட்டியை மடியில் வைத்திருந்தார். முப்பத்தொன்பது ஊசி. ஜீப்புக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. அதில் சவுக்குக் கட்டைகள், கயிறு, பிளீச்சிங் பவுடர் மூட்டைகள். மூட்டைகளுக்குக் கீழே தகரத்தின் ஓரம் வெயிலில் மின்னியது.

தெருவுக்குள் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்காமலே, நூற்றுப் பன்னிரண்டு வீடும் தன் முதுகைப் பார்ப்பது டோரதிக்குத் தெரிந்தது.

"அது எதுக்கு டாக்டர்?"

"முன்னெச்சரிக்கை சிஸ்டர். நான் சொல்லல. மேல இருந்து." அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "முதல்ல ஊசி போட்டுடுவோம், அப்புறம் பேசிக்கலாம்."

"ஏம்மா, நாற்காலிய எடுங்க. வண்டி உள்ள போகணும்" என்றான் லாரி டிரைவர்.

டோரதி எழுந்தாள். நாற்காலியை எடுத்தாள். சரியாகத் தெருவின் நடுவில், லாரியின் முன்சக்கரத்துக்கு நாலடி தள்ளி அதைப் போட்டாள். பெட்டியை ஜெஸ்வினிடமிருந்து வாங்கி நிலத்தில் வைத்தாள்.

"இங்கதான் போடப்போறேன்" என்றாள். "முப்பத்தொம்பது பேரு. நேரமாகும்."

"சிஸ்டர்..."

"ஊசி முதல்லன்னு நீங்கதான சொன்னீங்க டாக்டர்."

அவள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "காய்ச்சல் இருக்கறவங்களுக்கு இப்ப ஊசி கெடையாது, இல்லாதவங்களுக்குத்தான். கர்ப்பிணிங்க முதல்ல வாங்க" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் மறுபடி கூப்பிட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வெள்ளையம்மாள் தன் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் டோரதியின் மேல் இல்லை, லாரியின் மேல் இருந்தது. நீ எழுதினாய், இதோ வந்துவிட்டது என்று அந்த முகம் சொன்னது. டோரதி அதை மறுக்கவில்லை.

வெள்ளையம்மாளின் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம்" என்றாள் யாருக்கோ சொல்வது போல. "மாத்திரை குடுத்திருக்காங்க. கொழந்த துடிப்பு இருக்காம். நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும்னு சொல்றாங்களாம்."

தூணை விட்டுவிட்டு அவள் நடந்து வந்தாள். டோரதியைத் தாண்டிப் போனாள். லாரியின் முன்னால், அதன் சூடான மூக்குக்கு நேரே, முழங்காலைக் கட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தாள். ஏகாதசிக்காக ஊர் ரோடெல்லாம் கூட்டுகிறவளின் சொந்தத் தெரு.

"எனக்கு ஊசி கெடையாதுன்னு தெரியும்" என்றாள். "வரிசைக்கு ஆள் வேணுமில்ல."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, லாரியைப் பார்த்தபடியே ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். "சட்டுனு முடிஞ்சிடும்" என்றாள் டோரதி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்து நின்றாள். பிறகு ஒரு கிழவர்.

டிரைவர் இஞ்சினை அணைத்தான். ஆனால் வண்டியைத் திருப்பவில்லை. லாரிமேல் இருந்த இரண்டு ஆட்கள் கட்டைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, ஊசி தீர்வதற்காகக் காத்திருந்தார்கள்.